குகைக்குள் 32 நாள்

வங்கி வேலையாக நாக்பூர் வந்து மூன்று வருஷமாகிறது. வயசு 46. ராத்திரி மூன்று மணிக்கே முழிப்பு தட்டிவிடுகிறது. ஊரில் அப்பாவுக்கும் இதே கதைதான். "வயசானா அப்படித்தான்டா" என்கிறார். அப்படித்தானா என்று தேடப்போய்க் கிடைத்தவர் நேத்தனியல் கிளைட்மன்.

சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர். 1938 ஜூனில், மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனோடு கென்டக்கியின் மாமத் குகைக்குள் போய் 32 நாள் இருந்தார். வெயிலே எட்டாத இடம், 12 டிகிரி குளிர். ஒரு நாளைக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படியென்றால் வாரத்துக்கு ஆறே நாள். (எங்க பிராஞ்சில் மார்ச் கடைசி வாரம் இப்படித்தான் ஓடும்!) உடம்புச் சூட்டை அளந்துகொண்டே இருந்தார்கள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடம்பு ஒரே வாரத்தில் புதுக் கணக்குக்கு மாறிவிட்டது. 43 வயசு கிளைட்மனுக்கு மாறவேயில்லை, கடைசிவரை பழைய 24 மணி நேரம்தான்.

இரண்டே பேர். இதை வைத்து வயசுதான் காரணம் என்று எழுதினால் எங்க ஆடிட்டர் துவைத்து எடுத்துவிடுவார். ஆனால் கேள்வி பிறந்துவிட்டது. 2013-ல் ஸ்டீவ் ஹார்வத், டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை வைத்து உடம்பின் வயசைக் கணிக்க வழி சொன்னார். பிறகு மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தூக்கமின்மைத் தொல்லை அதிகம் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் வயசு கூடுதலாகத் தெரிந்தது. தூக்கம் கெட்டதால் வயசு ஏறியதா, வயசு ஏறியதால் தூக்கம் கெட்டதா? எது பற்று எது வரவு என்று இன்னும் தீரவில்லை.

கிளைட்மன் 1999-ல்தான் காலமானார், 104 வயசில். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அந்தாளு மத்தியானம் தூங்குவாராமா?" என்று கேட்டார்.