சிறுதேரும் கதையும்: ஊவாத் தோட்டங்களிற் குழந்தைப் பருவம்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைச் சம்பளப் பதிவேடுகளிலும் ஒப்பந்தங்களிலும் மட்டுமே தேடுவோர் அதன் குழந்தைகளைக் காணத் தவறுவர். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களின் சிறுவர் எதனை வைத்து விளையாடினர், எக்கதை கேட்டு உறங்கினர் என்னும் வினாக்கள் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும், அம்மக்களின் வாழ்க்கை நெருக்கடியும் அதனைத் தாங்கி நின்ற பண்பாட்டு வலிமையும் அவற்றின் விடைகளிலேயே ஒருங்கு புலனாகின்றன.

மலையகக் குழந்தைப் பருவம் தேயிலையோடு வேரூன்றியது எனலாம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையாற் பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. குழந்தைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர்.

அக்குழந்தைகளையும் தோட்டம் உழைப்பாளராகவே கண்டது. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்குமாறு 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டமோ ஆண், பெண், பிள்ளை என மூவகைச் சம்பளம் வகுத்து, 10 வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கமர்த்துவதைத் தடை செய்தது. இத்தடை முன்னேற்றமே. எனினும், விளையாட்டுக்குரிய காலத்தின் எல்லையை அது பத்தாவது வயதிலேயே வரைந்துவிட்டமை நோக்கற்பாலது.

அக்குறுகிய காலத்தில் அவர்கள் எதனை வைத்து விளையாடினர்? பட்டினப்பாலை மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகின்றது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும், கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவை பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் பருவங்களாக அமைந்தன. பாட்டுடைத் தலைவர்க்குரியனவாகப் புலவர் போற்றிய இவற்றுட் சில, லயத்து வாசலில் வேறு வடிவில் வாழ்ந்தன. தகரப் பேணியும் அதன் மூடியும் குச்சியும் சேர்ந்து சிறுதேராயின. ஓடைக் கற்கள் கழங்காயின. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளும் ஈரமண்ணும் சிற்றிலாயின. மாசியிற் காமன் கூத்து நடைபெறுங்காலத்தில் பெரியோர் தப்பு முழக்க, சிறுவருக்கு வெற்றுத் தகரமே சிறுபறையாயிற்று. பட்டினப்பாலையின் சிறுவர் செல்வ மனையினர். லயத்துச் சிறுவர்க்கோ வாங்கித் தருவாரில்லை. எனவே குழந்தையே தச்சனாயிற்று. வறுமை கற்பித்த இக்கைத்திறனைப் புகழ்வோர் அவ்வறுமையையும் மறத்தலாகாது.

கதைகளின் இடம் இதனினும் ஆழமானது. தாயர் கொழுந்து மலைக்குச் சென்றபின் பிள்ளைக் காம்பிராவிற் குழந்தைகளைப் பேணியோர் முதிய பெண்களே. கடல் கடந்து வந்த பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் இரவிற் கூத்தாக ஆடப்பட்டன. பகலிற் பாட்டியர் வாய்மொழியாயின. பசியால் தன் மக்களையே கிணற்றில் இட்ட நல்லதங்காள் கதையும் கூறப்பட்டது. துயரக் கதை எவ்வாறு ஆறுதலாகும் என வினவலாம். தம் வீட்டுப் பசிக்கு ஒரு பெயரும் கதையும் உண்டென்று அறிதலும் ஆறுதலே.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பகிர்ந்தன. தலைமன்னாரை நோக்கிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். பெரியோர் உறவுகளைப் பிரிந்தனர்; சிறுவர் விளையாட்டுத் தோழரை இழந்தனர். எந்த ஒப்பந்தமும் இவ்விழப்பைக் கணக்கிடவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. பாடல்களுக்குக் கிட்டிய அக்கவனம் விளையாட்டுப் பொருள்களுக்கும் குழந்தைக் கதைகளுக்கும் கிட்டுதல் வேண்டும். தகரத் தேர் துருப்பிடிக்கும். கதை சொல்வோர் மறைவர். 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களே மண்ணுட் புதைந்தன. ஒரு தலைமுறையின் நினைவுப் பொருள்களும் அவற்றோடு மறைந்தன. ஆதலின், முதியோரிடம் சென்று கேட்டு எழுதுதல் ஆய்வு மாணவரின் கடமையாகும். ஏடுகள் விட்டுவைத்த இடைவெளியை அவர்தம் நினைவுகளே நிரப்பவல்லன.