திப்புவின் புலியும் தொலைந்துபோன கைப்பிடியும்

பழவேற்காடு பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார்: "பையனுக்குக் கைப்பிடியைச் சுத்தினா அசையுற மாதிரி ஒரு மரப் பொம்மை செய்யணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" ஒரு புலியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் இறந்தார். அரண்மனையில் இசைக்கருவிகள் இருந்த அறையில் கம்பெனிக்காரங்க ஒரு பொம்மையைப் பார்த்தாங்க. வண்ணம் பூசிய மரப் புலி, ஒரு ஐரோப்பியன் மேல ஏறி நின்னு அவன் கழுத்தைக் கவ்வுது. நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். குழந்தைக்கான பொம்மை இல்ல, ஒரு அரசனோட கோபம்.

புலியோட பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுத்தினா உள்ளே துருத்திகள் இயங்கும். மனுஷன் வாயிலேர்ந்து அலறல் வரும், புலி தலைக்குள்ளேர்ந்து உறுமல் வரும், மனுஷனோட இடது கை ஏறி இறங்கும். அந்தக் கை அசையும்போது அலறலோட சுருதியும் மாறும். ஒரே சுற்று, இத்தனை வேலை! புலி வயித்துக்குள்ள வாசிக்கிறதுக்கு ஒரு சின்ன ஆர்கனும் உண்டு.

1808இல் லண்டனில் கம்பெனியோட தலைமையகத்தில் காட்சிக்கு வச்சாங்க. வர்றவங்க எல்லாம் சுத்திப் பார்த்தாங்க. பக்கத்துல படிக்கிறவங்களுக்கோ ஓயாத தொல்லை. தோத்தவனோட கோபம் ஜெயிச்சவங்களுக்கு வேடிக்கையாச்சு. கடைசியில கைப்பிடியே காணாமப் போச்சு. 1880இல் இப்போ விக்டோரியா ஆல்பர்ட்னு சொல்ற அருங்காட்சியகத்துக்குப் போச்சு. இன்னைக்குக் கண்ணாடிக்குள்ள இருக்கு. போறவங்க பார்க்கலாம், சுத்த முடியாது. சுத்த முடியாத பொம்மை பாதிப் பொம்மைதான்.

அதனால கேட்டவருக்கு என் பதில் இதுதான். புலி வேண்டாம், நம்ம ஏரிக்கு வர்ற பூநாரை போதும். ஒரு வட்டக் கட்டையில் நடுவுல இல்லாம கொஞ்சம் தள்ளித் துளை போடுங்க. அச்சில் மாட்டிச் சுத்தினா, அதன் மேல் உட்கார்ந்த குச்சி ஏறி இறங்கும். அந்தக் குச்சியைக் கழுத்தோட இணைச்சா பூநாரை தண்ணிக்குள்ள தலையை விட்டு எடுக்கும். முதல் பொம்மைக்கு ஒரு அசைவு போதும்.

கைப்பிடியை மட்டும் பசை போட்டு ஒட்டாதீங்க. கழட்டி மாத்துற மாதிரி முளை அடிங்க. பிள்ளைங்க கையில முதல்ல உடையப்போறது அதுதான். அது உடைஞ்சா பொம்மை சரியா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். புதுசு ஒண்ணு செதுக்கிப் போடுங்க, பூட்டி மட்டும் வைக்காதீங்க.