பீஸ் கட்டையில இருந்து ட்ரிப்பர் வரைக்கும்

போன வாரம் எங்க வீட்டு எம்.சி.பி. ஒண்ணு கெட்டுப்போச்சு. ட்ரிப்பர்னு நாம சொல்றோமே, அதுதான். தூக்கிவிட்டா நிக்காம உடனே கீழ விழுந்துச்சு. வயர்மேன் தம்பி வந்து மெயினை ஆஃப் பண்ணி, ட்ரிப்பர்ல இருந்து வீட்டுக்குள்ள போற வயரைக் கழட்டிட்டு, மறுபடி மெயினைப் போட்டுப் பார்த்தார். அப்பவும் நிக்கல. வீட்டு லைன்ல கோளாறு இல்ல, ட்ரிப்பர்தான் போச்சுன்னார்.

பக்கத்துல நின்ன என் பையன், "16 ஆம்பியர் வேண்டாம்ணா, 32 போட்டுருங்க. இது முன்னாடியே அடிக்கடி விழும்"னான். எனக்கு திக்குனு ஆயிருச்சு. நாப்பது வருசத்துக்கு முன்னாடி எங்க அப்பாவும் இதையேதான் சொன்னார்.

அப்போ எங்க வீட்டு மெயின் போர்டுல வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைதான். ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினோம். அதைப் போட்டா பீஸ் போயிரும். நாலு தடவை பீஸ் கம்பி கட்டிப் பார்த்த அப்பா, அஞ்சாவது தடவை பழைய மோட்டார் காயில்ல இருந்து தடிமனான செம்புக் கம்பியை வெட்டிக் கட்டினார். "இனி ஜென்மத்துக்கும் போகாது"ன்னார்.

பீஸ் போகல. சுவத்துல ஓடின வயர்தான் எரிஞ்சுச்சு. மேல பரண்ல பருத்தி மூட்டை. அம்மா புகையைப் பார்த்து ஓடிப்போய் மெயினை அணைச்சாங்க. இல்லைன்னா வீடு போயிருக்கும். அந்த உத்திரத்துல கருகின தடம் இன்னும் இருக்கு.

பீஸ்ங்கிறது எதுக்குன்னு அதுக்கப்புறம்தான் புரிஞ்சுச்சு. அடுப்பையோ மோட்டாரையோ காப்பாத்த மட்டும் இல்ல, சுவத்துல இருக்கிற வயரைக் காப்பாத்தத்தான் முக்கியமா அது இருக்கு. பலவீனமா இருக்கிறதுதான் அதோட வேலை.

இந்த யோசனை எடிசன் காலத்துலயே வந்துருச்சு. மின் விளக்கு லைன்ல, அளவுக்கு மேல கரண்ட் போனா உருகி அறுந்துபோற ஒரு கம்பித் துண்டுக்கு 1880ல அவர் காப்புரிமை வாங்கினார். உருகாம தானே துண்டிக்கிற பிரேக்கர் மாதிரி ஒண்ணைப் பத்தியும் 1879லயே எழுதி வச்சிருக்கார். ஆனா ஊருக்குக் கரண்ட் கொடுத்தப்ப பீஸ்தான் போட்டார்.

பீஸ்ல ரெண்டு தொந்தரவு. ஒரு தடவை போனா திரும்பக் கட்டணும். கட்டறவன் எங்க அப்பா மாதிரி எதை வேணும்னாலும் கட்டலாம். இதுக்கு விடை ஜெர்மனியில மான்ஹைம் ஊர்ல கிடைச்சுச்சு. ஹூகோ ஸ்டோட்ஸ்ங்கிறவரோட கம்பெனி, 1924ல வீட்டுக்கான சின்ன ட்ரிப்பருக்கு காப்புரிமை கேட்டுச்சு. அதுக்குள்ள ரெண்டு காவல்காரன் இருக்கான். ஒருத்தன், ரெண்டு உலோகம் ஒட்டின பட்டை. லோடு கூடினா சூடேறி மெதுவா வளைஞ்சு தட்டிவிடுவான். இன்னொருத்தன் காந்தச் சுருள். ஷார்ட் ஆனா கண் இமைக்கிறதுக்குள்ள இழுத்துவிடுவான். இன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கறதும் இதே ஏற்பாடுதான்.

எங்க வீட்டுக்கு ட்ரிப்பர் வர 2004 ஆச்சு. பீஸ் கம்பி கட்டற வேலை போச்சு. ஆனா அப்பாவோட புத்தி போகல பாருங்க! 16க்குப் பதிலா 32 போடறதும், பீஸ் கட்டையில மோட்டார் கம்பி கட்டறதும் ஒண்ணுதான். கரண்ட் ரெண்டு மடங்கானா வயர்ல சூடு நாலு மடங்காகும். ட்ரிப்பரைப் பெருசாக்கினா வயரும் சேர்ந்து பெருசாகுமா?

பையன்கிட்ட உத்திரத்துல இருக்கிற தடத்தைக் காட்டினேன். ஒண்ணும் பேசல. அடிக்கடி விழுந்த காரணத்தை வயர்மேன் தம்பியே கண்டுபிடிச்சார். ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் ஒரே லைன்ல ஓடுது. ஹீட்டருக்குத் தனி வயர், தனி ட்ரிப்பர் போட்டார். பழைய இடத்துல அதே 16 வந்துச்சு. கெட்ட ட்ரிப்பரைப் பிரிச்சு ரிப்பேர் பண்ற வேலையே கிடையாது, மாத்தணும். அதையும் மெயினை அணைச்சு, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் தொடணும். ட்ரிப்பர் கீழ இருந்தாலும் மெயின்ல இருந்து வர்ற பக்கம் கரண்ட் இருக்கும். புதுசோட ஸ்க்ரூ லூசா இருந்தாலும் அந்த இடம் சூடாகிக் கருகிடும்.

கடைசியா ஒண்ணு. ட்ரிப்பர் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கே மனுசன் உயிரை எடுத்துரும். அதுக்கு 16 ஆம்பியர் ட்ரிப்பர் அசையவே அசையாது. கரண்ட் அடிச்சா மனுச உடம்பு எவ்வளவு தாங்கும்னு ஆராய்ச்சி பண்ணின சார்லஸ் டால்ஸியல்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர், கசிவைக் கண்டுபிடிச்சுத் துண்டிக்கிற கருவி ஒண்ணை 1961ல செஞ்சார். அந்த வகையில நம்ம கடையில கிடைக்கறது ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்னு கேட்டு வாங்கணும்.

அதையும் அன்னைக்கே போட்டுட்டோம். நெல்லு மூட்டை வித்த காசுல கொஞ்சம் போச்சு. பரவாயில்லை. ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதேன்னு பேத்திகிட்ட எத்தனை தடவைதான் சொல்றது?