ஆங்கில 'லி'யும் நம்ம 'ஆக'வும்

வெளிமாநிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகளை ஆங்கில இலக்கணத்தில் படுத்தும் விஷயம் இந்த 'லி'. 'குவிக்', 'குவிக்லி' சுலபம். இரண்டு சொல் ஒட்டிய பெயரடை வந்தால்தான் சிக்கல். 'ஹாஃப்-ஹார்ட்டெட்' என்பது 'ஹாஃப்-ஹார்ட்டெட்லி' ஆகிறதே, 'ஃபுல்-டைம்' ஏன் 'ஃபுல்-டைம்லி' ஆவதில்லை? இருபது வருடமாக வங்கியில் ஆங்கிலத்தில் நோட் எழுதும் எனக்கு, இதன் சரித்திரத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது.

சுமார் 1000 வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடம்பு. ஜெர்மன் மொழியில் பிணத்துக்கு இன்றும் 'லைஹெ' என்றுதான் பெயர். உடம்பு என்பது உருவம், சாயல் என்று பொருள் விரிந்து மற்ற சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டது. நண்பனின் சாயல் உள்ளது 'ஃப்ரெண்ட்லி'. 'லைக்' என்ற சொல்லும் இதே வேர்தான்.

அப்போது பெயரடையை வினையடையாக்க, கடைசியில் ஒரு 'எ' சேர்த்தால் போதும். 1400ஐ ஒட்டி அந்த 'எ' உச்சரிப்பிலிருந்து உதிர்ந்துவிட்டது. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' இரண்டும் மொட்டையாக நின்றுவிட்டன. மற்றவற்றுக்கு அடையாளம் வேண்டுமே, அந்த வேலை 'லி'யின் தலையில் விழுந்தது.

கூட்டுச் சொல்லில் 'லி' கடைசிப் பகுதியில்தான் ஒட்டும். அந்தப் பகுதி 'ஹார்ட்டெட்', 'பிரேக்கிங்' மாதிரி பெயரடை வடிவில் இருந்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும். 'டைம்' வெறும் பெயர்ச்சொல். அதனால் 'ஒர்க்ஸ் ஃபுல்-டைம்' என்று அப்படியே விட்டுவிடுவார்கள். 'யூசர்-ஃப்ரெண்ட்லி'யில் ஏற்கெனவே ஒரு 'லி' இருப்பதால், 'இன் எ யூசர்-ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றிவளைக்க வேண்டியதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே வேலைக்கு மனதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய வினையடை விகுதி, மனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம்ம தமிழ்? 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்த 'ஆக' இருக்கிறது. அரைமனதாக, நட்பாக, முழுநேரமாக. ஆங்கிலம் கைவிட்ட 'ஃபுல்-டைம்' கூட இங்கே அடங்கிவிடுகிறது!

வீட்டில் மட்டும் தமிழ் பேசி, பள்ளியில் தமிழே படிக்காமல் வளரும் பிள்ளைகள், 'ஆங்கிலத்துக்குத்தான் கிராமர், தமிழ் சும்மா பேசுவதற்கு' என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை 'லி' பாடம் சொல்லித்தரும்போது, பக்கத்தில் இந்த 'ஆக'வையும் எழுதிக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.