மூன்று மா நிலமும் ஒரு பெயரும்

காவிரிப் படுகையில் பட்டா என்பது இன்றைக்கு ஓர் ஏ-4 தாள். இ-சேவை மையத்துப் பையன் இரண்டு நிமிடத்தில் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுவான். மேலே மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண். அதற்குக் கீழே உரிமையாளர் பெயர், இன்னாரின் மகன் அல்லது இன்னாரின் மனைவி என்று உறவும் சேர்த்து. அப்புறம் புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், பரப்பு, தீர்வை. மூன்று மா நிலம், அதாவது ஓர் ஏக்கர், அந்தத் தாளில் 0 - 40.50 என்று ஹெக்டேர் கணக்கில் சுருங்கிக் கிடக்கும். தஞ்சாவூர்க்காரர்களின் வாய்க்கணக்கு இன்னும் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்றுதான் ஓடுகிறது.

அந்தத் தாளில் நமக்கு இங்கே வேண்டியது ஒரே வரி, உரிமையாளர் பெயர். அந்த வரிக்குள் பெண்ணின் பெயர் எந்தெந்த வழியாக வந்து சேர்ந்தது, வந்த பிறகு நிலம் யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

காகிதத்துக்கு முன்னால் கல். கல்லில் பெண் பெயருக்குப் பஞ்சமே இல்லை. செம்பியன் மாதேவி, ராஜராஜனின் அக்கா குந்தவை போன்ற அரசகுலப் பெண்கள் கோயில்களுக்குக் கொடுத்த கொடைகளைச் சோழநாட்டுச் சுவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அரசகுலம் சாராத பெண்களும், தேவரடியார்களும் நிலம் வாங்கியிருக்கிறார்கள், விற்றிருக்கிறார்கள், விளக்கெரிக்க எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பல சாசனங்களில், குறிப்பாக பிராமணப் பெண்கள் நிலத்தை விற்கும் இடங்களில், கூடவே ஒரு ஆண் நிற்பான். அவனுக்கு முதுகண் என்று பெயர். நிலம் அவளுடையது, அவள் சார்பில் பேசுகிறவன் முதுகண். ஆயிரம் வருடம் கழித்தும் அவன் ஓய்வு பெற்றதாகத் தெரியவில்லை. இன்றைக்கு அவன் அண்ணன், மைத்துனன், மகன் என்ற பெயர்களில் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் நிற்கிறான்.

கல்லிலிருந்து ஓலை, ஓலையிலிருந்து கர்ணத்தின் கணக்கு, வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்ட் ரிஜிஸ்டர். மிராசு முறையில் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த வீடுகளில் விதவைக்குக் கிடைத்தது ஜீவனாம்சம். 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்து, கணவனின் பங்கை அவள் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம் என்றது. விற்கவோ உயில் எழுதவோ முடியாது. அந்த அரைகுறை உரிமையும் வயலுக்குச் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்த விஷயம், டெல்லிச் சட்டம் அதைத் தொட முடியாது என்பது காரணம். நெல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத தஞ்சை ஜில்லாவில் வயலைத் தொடாத சொத்துரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சென்னை மாகாணம் 1947இல் தனிச்சட்டம் போட்டு அதை விவசாய நிலத்துக்கும் நீட்டியது. ஆயுள்கால அனுபவம் முழு உரிமையாக மாறியது 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்.

இந்த இடைக்காலத்தில்தான் மணலூர் மணியம்மை இருந்தார். பிராமண விதவை. சாகுபடியை மேற்பார்த்து நிர்வாகம் செய்தவர், பண்ணையாட்கள் பக்கம் போய் நின்று விவசாயிகள் சங்கத்தை வளர்த்தவர். வேட்டியும் சட்டையும் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்த அவரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் நாவல் எழுதினார். 1953இல் இறந்துபோன அவருக்கு 1956இன் முழு உரிமையால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து வருவது இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முப்பது தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970இல் அது பதினைந்தாகக் குறைந்தது. அதே சட்டத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். குடும்பத்துப் பெண்ணின் பெயரில் சீதன நிலம் இருந்தால், வரம்புக்கு மேல் பத்து தர ஏக்கர் வரை அவள் தனியாக வைத்துக்கொள்ளலாம். மிராசுதார் வீட்டுப் பெண்களின் பெயர்கள் திடீரென்று வருவாய்த்துறைக் கணக்கில் முளைக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வரப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத பெண்கள் காகிதத்தில் நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். நெல் வழக்கம்போல வீட்டு ஆண்களின் களஞ்சியத்துக்கே போனது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டம் சொன்ன ‘குடும்பத்தில்’ வயதுக்கு வராத மகன்களும் கல்யாணமாகாத மகள்களும்தான் சேர்த்தி. வயது வந்த மகன் தனி ஆளாகித் தன் பங்குக்குத் தனி வரம்பு பெற்றான். வயது வந்த, மணமாகாத மகள் அப்பாவின் கணக்குக்குள்ளேயே இருந்தாள். நிலத்தை ஒளித்துவைக்கப் பெண்ணின் பெயர் உதவியது, மகனைப் போலத் தனி வரம்பு மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நாற்றைப் பறித்து, முடியைக் கட்டி, சேற்றில் குனிந்து நட்டு, களையெடுத்த பெண்ணின் பெயர் அதுவரை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அவர்கள் வீட்டு ஆட்கள் கேட்டது கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாக. அந்த ஊருக்குச் செய்தி கேட்டு வந்து, கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்டவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து நிலத்தைத் தானமாகக் கேட்டுப் பழகியவர்கள். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர், கூலி வேலை செய்த விதவைத் தாயின் மகள்.

தானமாகக் கேட்டால் தஞ்சையில் கிடைப்பது களர்நிலம் என்று அவர்களுக்குப் புரிய நாளாகவில்லை. 1981இல் ‘லாஃப்டி’ என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் வழிமுறை எளிமையானது, அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. விற்க மனமுள்ள நிலச்சுவான்தாரிடம் மொத்தமாக விலை பேசுவது, வங்கிக் கடனும் அரசு மானியமும் வாங்கி நிலத்தைக் கிரயம் செய்வது, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரிப்பது, பத்திரத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பதிவது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. அதே மூன்று மா. இந்த முறை அந்த வரியில் வந்தது, அந்த வயலில் கூலிக்கு நட்ட பெண்ணின் பெயர். ஆண் பெயரில் எழுதினால் அடுத்த கடன் நெருக்கடியில் நிலம் சாராயக்கடைக்கோ வட்டிக்காரனுக்கோ போகும் என்ற அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. இப்படி ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் போய்ச் சேர்ந்தது. 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருதும் 2020இல் பத்மபூஷணும் கிருஷ்ணம்மாளைத் தேடி வந்தன.

பெயர் ஏறினால் போதாது, மண் பிழைக்க வேண்டும் என்பது தொண்ணூறுகளில் தெரிந்தது. நாகைக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் வந்து, உப்புநீர் பக்கத்து வயல்களில் இறங்கியது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அப்படிப்பட்ட பண்ணைகளை இடிக்கச் சொன்னது.

வீட்டு மகளின் கதை வேறு பாதையில் வந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்து, திருக்குவளையில் பிறந்த கருணாநிதியின் அரசு அதைச் சட்டமாக்கியது. 1989 மார்ச் 25 முதல் பூர்விகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமானவள் வெளியே. ஒரே வீட்டில் 1988இல் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு ஒன்றுமில்லை, 1990இல் கட்டிக்கொண்ட தங்கைக்குப் பங்கு உண்டு என்ற நிலை. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கல்யாணத் தடையை எடுத்தது, விவசாய நிலத்தின் வாரிசுரிமையை மாநிலக் குத்தகைச் சட்டங்களுக்கு விட்டுவைத்திருந்த பழைய உட்பிரிவையும் நீக்கியது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று அதற்குப் பிறகும் பல வருடம் வழக்காடினார்கள். வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கு 1956 முதலே சமபங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்த உரிமை, கடைசி அரை மைலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்றுவிடுகிறது. படுகையில் எந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு முகூர்த்தநாள் பார்த்துப் போங்கள். பட்டுப்புடவை கட்டிய இரண்டு மூன்று அக்கா தங்கைகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் காபி வாங்கிக் கொடுத்திருப்பார். பத்திர எழுத்தர் தாளை நீட்டுவார், பெருவிரலும் கையெழுத்தும் விழும். தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். “உனக்குத்தான் அப்பா நகை போட்டாச்சே” என்பது காரணம். சொல்லாத காரணம், மறுத்தால் பொங்கல் சீர் நின்றுபோகும், பிறந்த வீட்டு வாசல் அடைத்துப்போகும் என்பது. மத்திய அரசு சட்டம் திருத்தியது, மாநில அரசு அதற்கு முன்பே திருத்தியது. இரண்டையும் கழற்றி வைக்கும் இந்தப் பத்திரத்துக்குக் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு.

கையெழுத்துப் போடாத வீடுகளில் வேறொரு முட்டுக்கட்டை. அப்பா போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், பட்டாவில் அவர் பெயரே இருக்கும். கிரயம் நடந்தால் பட்டா மாறுதலுக்கு வழி தானாகத் திறக்கிறது. மரணத்துக்கு அப்படி இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, மனு எழுதி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேற வேண்டும். அலைகிறவன் மகன், அதனால் வருகிற பெயரும் அவனுடையது.

பெயர் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் அறுவடை நாளில் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கலாம். நெல் போட சிட்டாவும் அடங்கலும் வேண்டும். பயிர் இன்சூரன்ஸுக்கும் கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடனுக்கும் அதே காகிதங்கள். 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தின் வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய் நிலப்பதிவில் பெயர் உள்ள குடும்பத்துக்குத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை நூற்றுக்குச் சுமார் 14. நடவு வயலில் நிற்பவர்களை எண்ணினால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

இதை நேராகத் தொட்டவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் விவசாயிகள் உரிமை மசோதா 2011 என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பெயரில் நிலம் இருக்கிறதோ இல்லையோ, வயலில் வேலை செய்கிற பெண் விவசாயிதான். கிராம சபை ஒப்புதலோடு அவளுக்குச் சான்றிதழ் தர வேண்டும், அதை வைத்துக் கடனும் தண்ணீரும் திட்டங்களும் கேட்க வழி வேண்டும் என்றது அது. 2013இல் அவர் பதவிக்காலம் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியானது. 2024இல் அவருக்கு பாரத ரத்னா கொடுத்தார்கள். மசோதாவை எடுத்துக் கொடுத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

மாநில அரசு சில அடி நகர்ந்திருக்கிறது. தாட்கோவின் நன்னிலம் திட்டம் நிலம் வாங்கும் ஆதிதிராவிடப் பெண்களுக்குப் பாதி மானியம், ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. லாஃப்டி கையால் செய்ததை அரசாங்கம் திட்டமாக்கியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இரண்டும் வாங்குகிறவளுக்கு. பிறந்ததாலேயே பங்கு உள்ளவளுக்கு இன்னும் எதுவும் எளிதாகவில்லை. இறப்புப் பதிவு ஆனவுடன் எல்லா வாரிசுகளின் பெயரும் கூட்டுப் பட்டாவில் ஏறுவது, விடுதலைப் பத்திரத்துக்கு முன் அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து அவள் பங்கின் மதிப்பைச் சொல்லிக் கேட்பது என்று இரண்டு உத்தரவு போதும். புதிய சட்டமன்றம் கூட வேண்டியதில்லை.

அது வரும்வரை ஒரு வேலை இருக்கிறது. இ-சேவை மையத்தில் உங்கள் வீட்டு நிலத்தின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். போனவர் பெயரே இன்னும் இருந்தால், தாசில்தார் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவில் அக்கா தங்கைகள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.