வைரஸ் உறையின் அளவைத் தீர்மானிப்பது எது? அகத்தி வைரஸ் தரும் சான்று

1962இல் டொனால்ட் காஸ்பரும் ஆரன் க்ளுக்கும் முன்வைத்த கணக்கு எளியது. இருபதுமுகிச் சமச்சீர் கொண்ட வைரஸ் உறையில் புரத அலகுகள் 60இன் மடங்குகளாக அமையும். அந்த மடங்கு, அதாவது முக்கோண எண், 1, 3, 4, 7 எனச் செல்லும். எந்த அளவுகள் இயலும் என்பதை இக்கணக்கு சொல்லும். அவற்றுள் ஒன்றை ஒரு புரதம் எப்படித் தேர்கிறது என்பதைச் சொல்லாது. அந்த விடையைப் படிக அமைப்புப் படத்திலேயே படித்துவிடலாம் என்ற எண்ணம் பின்னர் வேரூன்றியது. அது பிழை என்பதே என் வாதம்.

திருப்பதிப் பகுதியில் நோயுற்ற அகத்தியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செஸ்பேனியா மொசைக் வைரஸ் இதற்குத் தக்க சான்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். ஆர். என். மூர்த்தியின் குழு 1995இல் இதன் அமைப்பை 3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. உறையில் ஒரே புரதத்தின் 180 படிகள் உள்ளன. முக்கோண எண் 3. அவை மூன்று வகைச் சூழல்களில் அமர்கின்றன. மூன்றாம் வகை அலகுகளின் தொடக்க முனைகள் மட்டும் மும்மூன்றாகப் பின்னி, மும்மடிச் சமச்சீர் அச்சைச் சுற்றி ஒரு பீட்டா வளையம் ஆகின்றன. மற்ற இரு வகைகளில் அம்முனை ஒழுங்கற்றிருப்பதால் படத்தில் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏவும் அப்படித்தான்.

வளையம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், உறையின் அளவை மாற்றும் விசை அதுவே என்று கொள்ளப்பட்டது. ஆதரவும் இருந்தது: முதல் 65 அமினோ அமிலங்களை நீக்கினால் 60 அலகுகளே கொண்ட சிறிய உறை உருவாகிறது. ஆனால் எச். எஸ். சாவித்திரி, மூர்த்தி குழுவினர் வளையத்துக்குரிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்தபோது 180 அலகுகளின் உறை வழக்கம்போலவே எழுந்தது. ஆகவே வளையம் உறை அமைந்ததன் விளைவு, காரணமன்று.

ஆர்.என்.ஏவின் பங்கும் இதே சோதனை வரிசையில் தெளிவாகிறது. தொடக்க முனையிலுள்ள ஆர்ஜினின் செறிந்த பகுதி நேர்மின்னூட்டம் கொண்டது; ஆர்.என்.ஏவின் எதிர்மின்னூட்ட முதுகெலும்பை அது பற்றிக்கொள்கிறது. அந்த ஆர்ஜினின்களையெல்லாம் மாற்றியபோது ஆர்.என்.ஏ ஏறக்குறைய உள்ளே வரவில்லை. உறை மட்டும் உருவானது. ஆனால் வெப்பத்தைத் தாங்கும் வலு குறைந்தது. இங்கே ஆர்.என்.ஏ சிற்பியன்று, பிணைப்பு மட்டுமே.

இம்முடிவை எல்லா வைரஸுக்கும் நீட்டுவது அவசரம். பாக்டீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 வைரஸில், ஆர்.என்.ஏவின் 19 நியூக்ளியோடைடு நீளக் கொண்டையூசி மடிப்பு ஒன்றை உறைப் புரத இரட்டை அடையாளம் கண்டு பற்றுகிறது. 180 இருக்கவேண்டிய அதன் உறையில் 178 படிகளே உள்ளன. எஞ்சிய இரண்டின் இடத்தில், ஆர்.என்.ஏவைப் பற்றிக்கொண்ட முதிர்ச்சிப் புரதம் ஒன்று அமர்ந்து சமச்சீரைக் குலைக்கிறது. 60இன் மடங்கு என்ற கணக்கே இங்கு பிசகுகிறது. படிகத்தில் சமச்சீரைச் சராசரியாக்கிப் பார்த்த காலத்தில் இது புலப்படவில்லை. குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சமச்சீரைத் திணிக்காமல் கணித்தபோதே தெரிந்தது.

அகத்தி வைரஸ் சோதனைகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவற்றில் ஈ. கோலை பாக்டீரியாவில் மிகுதியாக உற்பத்தி செய்யப்பட்ட உறைப் புரதம் அந்தப் பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏவையே பொதிந்துகொண்டது. ஆகவே உறை எப்படி எழுகிறது என்பதற்கு அவை போதிய சான்று. தன் மரபுத்தொகுதியை வைரஸ் எப்படித் தேர்ந்து பொதிகிறது என்ற கேள்விக்கு அல்ல. அதைச் செடியின் உயிரணுவில் நடத்தும் சோதனைகளைக் கொண்டே தீர்க்கவேண்டும்.