கூண்டு ஊனுண்ணிகளில் ஒட்டுண்ணித் தடுப்பும் பரிசோதனையும்

தருமபுரி மாவட்டத்தில் புலி, சிங்கம் வளர்க்கும் உயிரியல் பூங்கா இல்லை. ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் உண்டு; முதலையும் ஊனுண்ணிதான். காவிரியில் திரியும் முதலை ஓரிடத்தில் எச்சமிட்டு வேறிடம் போய்விடும். தொட்டியிலோ கூண்டிலோ அடைபட்ட விலங்கு தன் எச்சம் விழுந்த தரையிலேயே நாள் முழுதும் கிடக்கிறது. புழு முட்டைகள் அங்கேயே பெருகி மறுபடி அதன் வாய்க்குள் போகின்றன. காட்சியகங்களின் ஒட்டுண்ணித் தொல்லைக்கு மூலம் இதுவே.

இரை வழியாகவும் ஒட்டுண்ணி வரும். முதலைகளின் நுரையீரலில் வாழும் நாக்குப்புழுக்கள் மீன் மூலம் உள்ளே நுழைபவை. ஜிம்பாப்வேயில் பண்ணை முதலைகளின் தசையில் 1995-இல் கண்டறியப்பட்ட டிரைக்கினெல்லா புழு, முதலை இறைச்சிக் கழிவையே முதலைகளுக்குத் தீனியாகப் போட்டதால் பரவியது.

புலி, சிறுத்தை, சிங்கங்களை அதிகம் பிடிப்பவை உருண்டைப்புழுக்களும் கொக்கிப்புழுக்களும். இவற்றைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. காலையில் கூண்டைக் கழுவும் முன் புதிய மலத்தில் சிறிது எடுத்து, கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டிக் குழாயில் விளிம்புவரை நிரப்புவார்கள். மேலே மூடிய கண்ணாடிச் சில்லில் கால் மணி நேரத்துக்குள் முட்டைகள் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளும். உருண்டைப்புழுக்களில் டாக்ஸஸ்காரிஸ் முட்டையின் ஓடு வழவழப்பாகவும், டாக்ஸோகாரா முட்டையின் ஓடு குழி குழியாகவும் நுண்ணோக்கியில் தெரியும். இந்த வேறுபாடு முக்கியம். டாக்ஸோகாரா தாய்ப்பால் வழியே குட்டிக்கும், மண் வழியே மனிதருக்கும் பரவும். அதனால் கூண்டுப் பணியாளர்களையும் சோதிப்பது அவசியம். ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துகளை இறைச்சியில் வைத்தே கொடுத்துவிடலாம். ஆனால் மண்தரையில் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தரையைக் கவனிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரங்களில் பழைய நிலைதான்.

மலப் பரிசோதனையில் சிக்காத ஒட்டுண்ணியும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் புவனேசுவரம் அருகேயுள்ள நந்தன்கானன் பூங்காவில் வெள்ளைப் புலிகள் உட்பட 12 புலிகள் அடுத்தடுத்து மடிந்தன. காரணம் ‘சர்ரா’ நோய். இதை உண்டாக்கும் டிரிப்பனோசோமா இவான்சியை கிரிஃபித் இவான்ஸ் 1880-இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டார். மாடு, மான் ஆகியவற்றின் உடலில் அறிகுறியின்றியே தங்கியிருக்கும் இந்தக் கிருமியைக் கடிக்கும் ஈக்கள் பரப்புகின்றன. நோயுற்ற விலங்கின் பச்சை இறைச்சியாலும் வரலாம். ஒரு சொட்டு ரத்தத்தைச் சில்லில் வைத்துப் பார்த்தால், சிவப்பணுக்களை இடித்துக்கொண்டு நெளியும் கிருமி சில சமயம் உடனே தெரியும். குறைவாக இருந்தால் தெரியாது. அப்போது பிசிஆர் சோதனை வேண்டும்.

முன்பு ரத்தம் எடுக்கப் புலியை மயக்க வேண்டியிருந்தது. இப்போது நெருக்குக் கூண்டில் நிறுத்தி வால் சிரையிலிருந்தே எடுக்க முடிகிறது. சாணக்குவியலையும் தேங்கிய நீரையும் அகற்றி ஈயைக் குறைப்பது, புதிதாக வரும் விலங்கைத் தனிமைப்படுத்துவது, கால்நடை மருத்துவர் சான்றளித்த இறைச்சியை மட்டும் வாங்குவது ஆகியவை அடிப்படைத் தடுப்பு. பல பூங்காக்களில் குடற்புழு நீக்கப் பதிவேடு ஒழுங்காக இருந்தாலே கடமை முடிந்தது என்ற எண்ணம் உண்டு. நந்தன்கானனுக்குப் பிறகு அது போதாது. ஈக்கள் பெருகும் மழைக்காலத்தில் ரத்தப் பரிசோதனையும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும்.